ஜானகிக்குத் தெரியாமல்

கிரேஸி மோகன் வசனம் எழுதிய படங்களின் நாயகிகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கலாம். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) கௌதமி, 'அவ்வை சண்முகி' (1996) மீனா, 'காதலா காதலா' (1998) ரம்பா, 'தெனாலி' (2000) ஜோதிகா, 'பம்மல் கே. சம்பந்தம்' (2002) சிம்ரன், 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' (2004) சினேகா. நடிகைகள் மாறுகிறார்கள், பாத்திரத்தின் பெயர் மாறுவதில்லை. எல்லோரும் ஜானகி. பள்ளிநாளில் தனக்கு நாடக ஆர்வத்தை ஊட்டிய ஆசிரியையின் பெயர் அது என்று மோகன் சொல்லியிருக்கிறார். அழகான நன்றிக்கடன். ஆனால் அந்த ஆசிரியை ஒரு சிறுவனை மேடைக்கு அழைத்துச் சென்றவர். அவர் பெயரைச் சுமந்த ஜானகிகளுக்கு மேடையில் என்ன வேலை கிடைத்தது?

மோகன் (1952–2019) கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1976இல் எஸ்.வி. சேகரின் குழுவுக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார், அதிலிருந்தே 'கிரேஸி' பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979இல் 'கிரேஸி கிரியேஷன்ஸ்' என்ற சொந்தக் குழு. 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை 1983இல் கே. பாலசந்தர் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக்கினார். பிறகு கமல்ஹாசனோடு நீண்ட பயணம், தொலைக்காட்சித் தொடர்கள். கூடவே மேடையையும் விடவில்லை. 'சாக்லேட் கிருஷ்ணா'வின் கூட்டம் பல ஆண்டுகள் குறையவில்லை. அவருடைய நாடகங்களின் நாயகன் பெரும்பாலும் 'மாது', தம்பி பாலாஜி ஏற்ற வேடம். தமிழில் மாது என்றால் பெண். அந்தச் சொல்லையும் ஆணே எடுத்துக்கொண்ட மேடை அது.

இந்தச் சிரிப்பு எப்படி இயங்குகிறது? ஒருவன் ஒரு பொய் சொல்கிறான். அதை மறைக்க இன்னொன்று. நண்பன் உதவிக்கு வந்து மூன்றாவதைச் சேர்க்கிறான். ஒரு சொல் இரண்டு பொருளில் கேட்கப்பட்டு, கதை வேறு பக்கம் ஓடுகிறது. மோகனின் சொல்லாட்சி அசாத்தியமானது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த இயந்திரம் ஓட ஒரு நிபந்தனை உண்டு: வீட்டில் இருப்பவளுக்கு உண்மை தெரியக் கூடாது.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளில் முதலாவதாக நகையைச் சொல்லி, அது பிறக்கும் நான்கு இடங்களைக் காட்டுகிறது. அவற்றில் ஒன்று மடன். அதே நூல் களவியலில் பெண்ணுக்குரியவையாகச் சொல்லும் பண்புகளிலும் மடன் இருக்கிறது. பிறர் சொன்னதை அப்படியே ஏற்று, ஏற்றதை விடாமல் பிடித்துக்கொள்வது என்று அதற்கு உரை சொல்வார்கள். அதாவது, எதை அவளுடைய அணிகலன் என்கிறோமோ அதுவே மற்றவர்கள் சிரிப்பதற்கான இடமும் ஆகிறது. ஜானகி நல்லவள், ஏனென்றால் நம்புகிறாள். நம்புவதாலேயே நாம் சிரிக்கிறோம். இந்த இரட்டைக் கணக்கை மோகன் உருவாக்கவில்லை. அவர் கையில் அது மிகச் சீராக ஓடியது.

'அவ்வை சண்முகி'யில் மணமுறிவு கேட்டுப் பிரிந்தவள் ஜானகி. அவள் எடுத்த முடிவுக்குக் காரணங்கள் உண்டு. ஆனால் படத்தின் சிரிப்பெல்லாம் மடிசார் கட்டிய கணவனுக்குப் போகிறது. வீட்டில் எல்லோரையும் வசப்படுத்தும் 'மாமி' ஒரு ஆண். நிஜப் பெண்ணோ தன் வீட்டுக்குள் நடப்பது தெரியாமல் நிற்கிறாள். 'பஞ்சதந்திரம்' (2002) இன்னும் ஒரு படி மேலே போகிறது. மனைவி மைதிலிக்குச் சந்தேகப்படும் வேலை. மேகி என்ற பாலியல் தொழிலாளியையோ பிணம் என்று நினைத்து ஐந்து ஆண்கள் மறைக்கத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். திரையரங்கு குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தவள்தான். அந்த உடல் யாருடையது என்பதை இப்போது கேட்கிறேன்.

எல்லாப் பெண்களும் இப்படி எழுதப்பட்டவர்கள் அல்லர். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் எஸ்.என். லட்சுமியின் திருட்டுப் பாட்டி, 'சதிலீலாவதி' (1995) படத்தில் கோவை சரளாவின் கொங்குத் தமிழ் பேசும் பழனி, இருவருமே சிரிப்பைத் தங்கள் கையில் வைத்திருப்பவர்கள். ஒருத்தி முதியவள், மற்றவள் 'பட்டிக்காட்டுப்' பெண்டாட்டி. அழகி என்று கருதப்படும் நாயகிக்கு அந்த உரிமை அரிதாகவே கிடைக்கிறது. 'பம்மல் கே. சம்பந்த'த்தின் ஜானகி தன் கைக்கடிகாரத்தை நாயகனின் வயிற்றுக்குள் விட்டுத் தைத்துவிட்டு மறைக்கிறாள். 'வசூல்ராஜா'வின் ஜானகி தான் யார் என்பதைச் சொல்லாமல் நாயகனை அலைக்கழிக்கிறாள். இரண்டிலும் பொய் அவளுடையது, இரண்டிலும் அவள் மருத்துவர். படித்து, வேலைக்குப் போய், மறைக்க ஒரு ரகசியமும் இருக்கும்போது ஜானகிக்கும் நகைச்சுவை வருகிறது. முடியாதது ஒன்றுமில்லை என்பதற்கு மோகனின் எழுத்தே சாட்சி.

மோகனைப் புகழ்பவர்கள் முதலில் சொல்வது, ஆபாசம் இல்லாத நகைச்சுவை, குடும்பத்தோடு பார்க்கலாம் என்பது. அந்தப் புகழ்ச்சியை இராமநாதபுரத்திலிருந்து கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கிறது. எங்கள் கோயில் கொடைகளில் 'வள்ளி திருமணம்' ஸ்பெஷல் நாடகம் இரவு முழுக்க நடக்கும். முருகன் வருவதற்கு முன் பபூனும் டான்ஸும் வருவார்கள். பபூன் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். இரட்டை அர்த்தம், வம்பு, சவால். அங்கே பெண் சிரிப்பின் பாதிப் பங்காளி. அதற்கு அவள் கொடுக்கும் விலை தன் பெயர். சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த நடிகைகள் சுமக்கும் இழுக்கை விரிவாகப் பேசுகிறது. விடிந்ததும் 'நாடகக்காரி' என்ற சொல் அவள் பின்னாலேயே போகிறது. ஆக, சபா மேடையில் பெண்ணுக்கு மரியாதை உண்டு, பதில் கிடையாது. திருவிழா மேடையில் பதில் உண்டு, மரியாதை கிடையாது. 'சுத்தமான' நகைச்சுவை என்ற பாராட்டு இந்தப் பேரத்தை மறைத்துவிடுகிறது.

இதை மாணவியரிடம்தான் கண்டுகொண்டேன். ஆண்டு விழாவுக்கு நகைச்சுவை நாடகம் போடுவார்கள். எல்லா வேடமும் பெண்கள்தான். ஆனாலும் சிரிக்க வைக்க விரும்புகிறவள் முதலில் மை எடுத்து மீசை வரைந்துகொள்கிறாள். பெண் வேடம் கிடைத்தவள், "எனக்குப் பேசவே ஒண்ணுமில்ல, மிஸ்" என்கிறாள். அவர்கள் மோகனின் நாடகத்தைப் பார்த்தவர்கள் அல்லர். ஆதித்யா, சிரிப்பொலி அலைவரிசைகளில் துண்டு துண்டாக வந்த காட்சிகளில் சிறுவயதிலிருந்தே சிரித்துப் பழகியவர்கள். படத்தின் முடிவில் உண்மை வெளிப்படும் இடம் உண்டு, மனைவியின் கோபமும் உண்டு. துண்டுகளில் அவை வருவதில்லை. அங்கே பொய் என்றென்றும் மாட்டிக்கொள்ளாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் ஒரு பயிற்சி கொடுக்கிறேன். ஏதாவதொரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிமிடத்திலேயே ஜானகிக்கு எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு திருப்பி எழுதுங்கள். நாடகம் அங்கேயே முடிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். முடிவதில்லை. தெரிந்தும் தெரியாததுபோல அவள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அவன் வியர்க்கிறான். நண்பன் வந்து உளறுகிறான். சிரிப்பு கூடத்தான் செய்கிறது.

இராமேசுவரத்துத் தலபுராணத்தில் லிங்கம் கொண்டுவரப் போன அனுமன் வரத் தாமதமாகிறது, நேரம் தவறிவிடும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஜானகி கடற்கரை மணலை அள்ளி லிங்கம் பிடித்துவிடுகிறாள். எங்கள் ஊரில் அந்தப் பெயருக்கு இப்படியொரு கதையும் இருக்கிறது. மோகனிடம் இருந்த சொல்வளத்தைப் படியுங்கள், அவருடைய வேகத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். எழுதும்போது பொய்யை ஒருமுறையாவது ஜானகியின் கையில் கொடுங்கள்.