கன்றிய முழங்காலில் ஒரு கணக்கு

சைக்கிளிலிருந்து விழுந்த பையனின் முழங்காலைத் தினமும் கவனித்தால் தெரியும். முதலில் கருநீலம், சில நாளில் பச்சை, அப்புறம் மஞ்சள். தோலுக்கடியில் கசிந்த சிவப்பணுக்களை உடல் பிரித்தெடுக்கும் வேலை அது. பச்சை பிலிவெர்டின், மஞ்சள் பிலிருபின்.

உள்ளே இந்த வேலைக்கு ஓய்வே இல்லை.

எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்கிறது. ஆக்ஸிஜன் குறைவதை மோப்பம் பிடிப்பது நுரையீரல் அல்ல, சிறுநீரகம். அது அனுப்பும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன்தான் மஜ்ஜையை முடுக்குகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தசோகை வருவதற்கு இது முக்கியக் காரணம். முதிரும் அணு தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. எவ்வளவு துணிச்சலான ஏற்பாடு! அதன்பின் தன்னைப் பெரிதாகப் பழுதுபார்த்துக்கொள்ள வழியில்லை. தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்களில் நெளிந்து நுழைந்து, சுமார் 120 நாள் ஓடுகிறது.

வளையும் தன்மை போன கிழட்டு அணு மண்ணீரலின் இடுக்குகளில் சிக்கும். அங்கே காத்திருக்கும் விழுங்கணுக்கள் அதை உண்டு, இரும்பை மட்டும் பத்திரமாகத் திருப்பித் தருகின்றன. இந்தச் சிக்கனம்தான் மிக அழகு: புதிய அணுக்களுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 20 மில்லிகிராமுக்கு மேல், சாப்பாட்டிலிருந்து உடல் எடுத்துக்கொள்வதோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மீதியெல்லாம் பழைய அணுக்களின் இரும்பு.