ஐயமெனில் 'இல்லை' என்க: லினக்ஸ் உதவிக் குறிப்புகள் பற்றிய ஒரு நோக்கு

விமர்சனம் கவிதைக்கும் நாவலுக்குமே உரியது என்ற எண்ணம் இன்றும் வலுவுடையது. எனினும் சட்டவாசகமும் கைந்நூலும் உரைநடையே. நாவலொன்றைப் பிழையாக விளங்கிக்கொள்பவருக்கு நேராத இழப்பு, இவற்றைப் பிழையாக விளங்கிக்கொள்பவருக்கு நேர்வதுண்டு. லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கேர்னலோடு வழங்கப்படும் உதவிக் குறிப்புகள் இவ்வகையில் ஆராயத்தக்கன.

கேர்னல் என்பது வன்பொருளுக்கும் ஏனைய மென்பொருள்களுக்கும் இடைநின்று செயற்படும் உட்கருவாகும். அதனைத் தம் கணினிக்கேற்ப ஆக்கிக்கொள்ள முனைபவர் ஆயிரக்கணக்கான வினாக்களை எதிர்கொள்கின்றார். 'ஆம்', 'இல்லை' என்பனவற்றோடு, வேண்டும்போது மட்டும் ஏற்றப்படும் தனிக்கூறாக அமைக்க என்னும் மூன்றாவது விடையும் பலவற்றுக்கு உண்டு. வினாவோடு சிலவரி விளக்கமும் காணப்படும்.

1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் தம் முயற்சியை அறிவித்தபோது, ஏ.ரி. வகை வன்தட்டைத் தவிர வேறெதனையும் அது ஒருபோதும் ஏற்காதிருக்கக்கூடும் என்றார். இன்று சேமிப்புச் சாதனங்கள் பற்றிய வினாக்களே பல பக்கங்களுக்கு விரிகின்றன. அவற்றுள் ஒன்று, 'ஸ்கசி வட்டு ஆதரவு' வேண்டுமா என்பது.

ஸ்கசி, 1986 இல் அமெரிக்க நியமமாக ஏற்கப்பட்ட இணைப்புமுறை. அதன் அகன்ற வடங்களை இன்று வீட்டுக் கணினியிற் காண்பதரிது. ஆதலின் தலைப்பை மட்டும் நோக்குபவர் 'இல்லை' என்றே விடையளிப்பார். அவ்வொரு விடையால் அவரது சாற்றா வன்தட்டும் யூ.எஸ்.பி. சேமிப்புக் குச்சியும் பயனற்றுப்போகும். வடம் மறைந்தபோதும் ஸ்கசியின் கட்டளைமொழி மறையவில்லை, யூ.எஸ்.பி. சேமிப்பகங்கள் அக்கட்டளைகளையே ஏற்கின்றன, சாற்றா வட்டுகளும் கேர்னலில் அவ்வடுக்கின் வழியாகவே இயக்கப்படுகின்றன. எள்ளின் நெய்யைக் குறித்த 'எண்ணெய்' இன்று தேங்காயெண்ணெயையும் மண்ணெண்ணெயையும் குறிப்பது போன்றதே இது எனலாம். ஆயின் அங்கு மொழி பேசுவோர் அனைவருக்கும் பொருள் மாறிற்று. இங்கோ பொறியியலாளருக்கு மட்டுமே மாறியுள்ளது. விளக்கத்துள் சாற்றாவும் யூ.எஸ்.பி.யும் குறிக்கப்படுகின்றன என்பது உண்மை. அவற்றோடு 1990களின் ஐயோமெகா சிப் வட்டும் இடம்பெறுகிறது! தலைப்பு மட்டும் அசையவில்லை.

அதே விளக்கம் ஓர் எச்சரிக்கையும் விடுக்கின்றது: முறைமையின் மூலக் கோப்புத்தொகுதி இவ்வகை வட்டில் இருப்பின், இதனைத் தனிக்கூறாக அமைத்தலாகாது. காரணம் கூறப்படவில்லை. தனிக்கூறும் அவ்வட்டிலேயே ஒரு கோப்பாக இருக்கின்றது. வட்டை வாசிக்கக் கூறு வேண்டும், கூற்றைப் பெற வட்டை வாசித்தல் வேண்டும். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதையாகிக் கணினி தொடக்கத்திலேயே நின்றுவிடும். ஆயின் தேவையான கூறுகளைத் தாங்கிய சிறு கோப்புத்தொகுதியொன்றை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றும் வழக்கம் நெடுங்காலமாக நிலவுகின்றது. டெபியன் வெளியீடு இதே பகுதியைத் தனிக்கூறாகவே அமைக்கின்றது. காரணம் எழுதப்பட்டிருந்தால், தடை எப்போது பொருந்தாதென்பதை வாசகரே உணர்ந்திருப்பார். காரணமற்ற தடை, நிலைமை மாறிய பின்னரும் தடையாகவே நிற்கின்றது.

இக்குறிப்புகள் யாருக்காக எழுதப்படுகின்றன என்ற வினா முன்னரும் எழுந்ததுண்டு. எரிக் ரேமண்ட் இவ்வமைப்புமுறையை முற்றாக மாற்ற முயன்றபோது, 2002 இல், தொழினுட்பம் அறியாத 'ரில்லி மாமி' என்ற கற்பனைப் பாத்திரத்தை முன்னிறுத்தினார். அத்தகைய மாமி கேர்னலை ஆக்கவேண்டிய தேவை என்ன என்று எதிர்த்தரப்பினர் கேட்டனர். அவரது திட்டம் ஏற்கப்படவில்லை. ரோமன் சிப்பெல் வகுத்த முறையே அவ்வாண்டின் இறுதிப்பகுதியிற் சேர்க்கப்பட்டது. எதிர்த்தரப்பினரின் வினா நியாயமானதே. எனினும் விவாதம் நிபுணரையும் மாமியையும் சுற்றியே நிகழ்ந்தது. நிபுணராக விரும்பும் மாணவர் அதில் இடம்பெற்றாரில்லை. குறிப்புகள் பலவற்றின் இறுதியில் வரும் 'ஐயமெனில் இல்லை என்க' என்ற வாக்கியம் அம்மாணவரைத் தவறிலிருந்து காக்கிறது. ஐயத்தை அப்படியே விட்டுவிடுகிறது. 'ஸ்கசி வட்டு' என்ற தலைப்போடு 'சாற்றா, யூ.எஸ்.பி. வட்டுகள் உட்பட' என்ற சில சொற்களைச் சேர்ப்பதற்குச் செய்நிரலின் ஒரு வரியையேனும் மாற்றவேண்டியதில்லை.