பேசிய உரையும் பதித்த உரையும்

மேடையில் பேசப்பட்ட ஓர் அரசியல் உரையை நூலாக்குவது, ஏட்டிலிருந்து ஒரு செய்யுளைப் பதிப்பிப்பதைவிடச் சிக்கலான பணி. ஏனெனில் செய்யுளைப் பதிப்பிப்பவர் புலவர் பாடிய ஒரே மூலத்தைத் தேடிச் செல்கிறார், உரையைப் பதிப்பிப்பவர் முன்னாலோ கூட்டத்தார் கேட்டது, குறிப்பெடுத்தவர் தாளில் நின்றது, பேசியவர் பின்னர்த் திருத்தி அச்சுக்குத் தந்தது என மூன்று மூலங்கள் நிற்கின்றன. இம்மூன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மறைக்காமல் காட்டுவதே உரைப்பதிப்பின் உயிர். இந்த நேர்மையை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தவை பண்டை ரோமின் இலத்தீன் உரைகளுக்கு ஐரோப்பியர் செய்த பதிப்புகள்.

அவற்றின் நடுநாயகமாக விளங்குபவர் மார்க்கஸ் துல்லியஸ் சிசரோ. கி.மு. 63-இல் ரோமின் கான்சல் என்னும் தலைமைப் பதவியில் இருந்து, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கத்திலினாவை எதிர்த்து அவர் ஆற்றிய நான்கு உரைகளை, மூன்றாண்டுகள் கழித்துத்தான் ஒழுங்குபடுத்தி நண்பர் அத்திக்கஸுக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார் என்பது அவருடைய கடிதத்தாலேயே தெரிகிறது. ஆகவே இன்று படிக்கக் கிடைப்பது அன்று செனட் அவையும் மக்கள் கூட்டமும் கேட்டதன் நேர்ப்படி என்று எவரும் அறுதியிட்டுச் சொல்வதில்லை. கி.மு. 52-இல் கொலைக்குற்றம் சாட்டப்பட்ட அரசியல்வாதி மிலோவுக்காக வாதாடியபோது, வழக்குமன்றத்தைச் சூழ்ந்து நின்ற படைவீரர்களுக்கும் கூச்சலுக்கும் இடையே அவர் தடுமாறினார், வழக்கும் தோற்றது. பின்னர் அவர் எழுதி வெளியிட்ட உரையோ அவருடைய படைப்புகளில் தலைசிறந்ததாக மதிக்கப்படுகிறது. தடுமாறிப் பேசியது ஒருபுறம் குறிப்பெடுக்கப்பட்டு வழங்கிவந்ததை உரையாசிரியர் அஸ்கோனியஸ் பதிவுசெய்திருக்கிறார். ரோமானியத் தலைவர் மார்க் அந்தோனியை எதிர்த்த ‘பிலிப்பிக்’ வரிசையின் இரண்டாம் உரை மேடையே ஏறவில்லை. ஆயினும் அவைக்கு நேரே நின்று பேசுவது போலவே எழுதப்பட்டிருக்கிறது. பேசப்படாத உரை பேசப்பட்டவற்றுக்கு நிகராக வாழ்கிறது என்பதில், எழுத்துக்கலையின் ஆற்றலை உணர்ந்து வியக்க நிறைய இருக்கிறது.

இவ்வுரைகள் பிழைத்து வந்த வழியும் தமிழ் ஏடு தேடியவர்களின் வரலாற்றை ஒத்ததே. 1415-இல் இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ பிராச்சியோலினி, பிரான்சின் க்ளூனி மடத்தில் ஒரு பழஞ்சுவடியைக் கண்டெடுத்தார். அதுவரை அறியப்படாதிருந்த இரண்டு உரைகள் அதில் இருந்தன. அந்தச் சுவடி பின்னர்த் தொலைந்துபோனது. ஆக்ஸ்போர்டு அறிஞர் ஆல்பர்ட் கிளார்க், பாரிசில் இருந்த வேறொரு சுவடியின் ஓரக்குறிப்புகள் தொலைந்த சுவடியிலிருந்தே எடுக்கப்பட்டவை என்று கண்டு, மறைந்த மூலத்தின் பாடங்களை 1905-இல் மீட்டுத் தந்தார். ஆக்ஸ்போர்டு வரிசையில் வந்த அவருடைய பதிப்பில் ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதும்: மேலே தெளிவான மூலம், ஓரத்தில் பிரிவு எண்கள், அடியில், ஒவ்வொரு சுவடிக்கும் ஓர் எழுத்தைச் சுருக்கக் குறியாக நிறுத்தி, எந்தச் சுவடியில் எந்தச் சொல் இருக்கிறது, எந்தத் திருத்தத்தை எந்த அறிஞர் முன்மொழிந்தார் என்று நெருக்கமாக அச்சிட்ட பாடபேதப் பகுதி. பதிப்பாசிரியர் தம் முடிவை மேலே வைத்து, அதை மறுப்பதற்கான சான்றுகளையும் கீழே வாசகர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்.

பாடங்களில் எது சரி என்று தீர்மானிக்க ஓசையும் துணைநின்றது. சிசரோ வாக்கியங்களை முடிக்கும்போது நெட்டசையும் குற்றசையும் சில குறிப்பிட்ட அடுக்குகளில் திரும்பத் திரும்ப அமைவதை 1904-இல் அறிஞர் சியெலின்ஸ்கி விரிவாகக் கணக்கிட்டுக் காட்டினார். அந்த முடிவோசை குலையும் இடத்தில் பாடம் பிழையோ என்று ஐயுற வழி பிறந்தது. தமிழருக்கு இது புதிய நெறியன்று. சந்தப் பாடல்களான திருப்புகழ் இதற்குச் சான்று. அருணகிரிநாதரின் அப்பாடல்களை ஏடுகளில் தேடித் திரட்டி வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை 1894-இல் அச்சேற்றத் தொடங்கினார். சந்தம் இறுகக் கட்டிய அத்தகைய பாடலில் ஓர் எழுத்து விடுபட்டாலும் செவி காட்டிக்கொடுத்துவிடும்.

சிசரோ உரைகளின் மொழிபெயர்ப்புகளுள் லோப் வரிசைக்குத் தனி இடம் உண்டு. 1912 முதல் வெளிவரும் அந்தக் கையடக்க நூல்களில், இலத்தீனுக்கு உரியவை சிவப்பு அட்டை தாங்கியவை; இடப்பக்கம் மூலமும் வலப்பக்கம் ஆங்கிலமும் எதிரெதிரே நிற்பதால், மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியிலும் சோதனைக்கு உள்ளாகிறார். 2006-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட டி.எச். பெர்ரியின் அரசியல் உரைகள் தொகுதி, மூலம் தெரியாதவருக்கும் வாதத்தின் வேகத்தை உணர்த்துகிறது. தொடக்க நிலையினர் அதிலிருந்து தொடங்கலாம். ஆனாலும் ஆங்கிலத்துக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. துணைவாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போய் வினைமுற்றைக் கடைசியில் இறக்குவது சிசரோவுக்குப் பிடித்த நடை. ஆங்கிலம் வினையை முன்னதாகவே சொல்லிவிட வேண்டியிருப்பதால் அந்தக் காத்திருப்பு கலைகிறது. எச்சங்களைக் கோத்து முற்றுவினையை இறுதியில் வைப்பதை இயல்பாகக் கொண்ட தமிழ் அந்நடையை மிகுந்த சிரமமின்றித் தாங்கும். மூலத்திலிருந்து நேரே தமிழாக்க முனைவோருக்கு இது பெரிய முதல்.

இந்த அளவுகோலை வைத்து நோக்கத்தக்க தமிழ் உரைகள், காஞ்சிபுரத்தில் 1909-இல் பிறந்த அண்ணாவினுடையவை. 1943-இல் கம்பராமாயணம் குறித்துச் சென்னைச் சட்டக்கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையுடனும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் அவர் நிகழ்த்திய சொற்போர், ‘தீ பரவட்டும்’ என்னும் நூலாயிற்று. 1962 மே 1 அன்று மாநிலங்களவையில் அவர் ஆங்கிலத்தில் ஆற்றிய கன்னிப்பேச்சின் நிலை வேறு. அவையின் சுருக்கெழுத்தாளர்கள் எடுத்த அதிகாரபூர்வப் பதிவில் உறுப்பினர்களின் குறுக்கீடுகளும் அவற்றுக்கு அவர் அளித்த விடைகளும் சேர்ந்தே நிற்கின்றன. சிசரோவின் உரைகளுக்கு வாய்க்காத பேறு இது. குறுக்கீட்டை நீக்கிவிட்டு உரையை மட்டும் ஒரே ஓட்டமாக அச்சிடுவது படிப்பதற்கு எளிதாக இருக்கலாம். எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு கண்ணியம் குன்றாமல் வாதத்தை நடத்திச் செல்லும் திறமை அங்கே காணாமற்போகும்.

தமிழ்நாட்டு மேடையில் முழங்கிய உரைகளைப் பதிப்பிப்பது இன்னும் கடினம். அடுக்குமொழியும் மோனையும் செவிக்காகவே அமைந்தவை. கைதட்டலுக்காக நிறுத்திய இடம் தாளில் தெரியாது. நாள், ஊர், கூட்டத்தின் நோக்கம், குறிப்பெடுத்த விதம், முதலில் அச்சான இதழ், பின்வந்த பதிப்புகளில் நேர்ந்த மாற்றம் ஆகியவற்றை ஒவ்வோர் உரையின் கீழும் தந்து, ஒலிப்பதிவு இருக்குமிடத்தில் அதனோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, அண்ணாவின் மேடை உரைகளுக்கு ஆராய்ச்சிப் பதிப்பு ஒன்று செய்யப்பட வேண்டும். இன்று பேசப்படும் உரைகளுக்கும் இது பொருந்தும்: காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடம், சுங்குவார்சத்திரம் பகுதித் தொழிற்சங்க வாயிற்கூட்டங்களின் பேச்சுகளுக்கும் நாளும் இடமும் குறித்து வைப்பவர் தேவை. அவற்றைப் பதிப்பிக்க விரும்பும் காலம் வரும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் பதிப்பகங்களும் முதலில் அண்ணாவிலிருந்து தொடங்கலாம். அவருடைய நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டன.