விசாரணையும் தீர்ப்பும்

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் சர்வகலாசாலை 1949ஆம் ஆண்டில் தனது அச்சகத்தின் மூலம் ஒரு நூலை வெளியிட்டது. ‘கம்யூனிசமும் கல்விச் சுதந்திரமும்’ என்பது அதன் பெயர். மூன்று ஆசிரியர்களை வேலைநீக்கம் செய்தது நியாயமானதே என்று உலகுக்குக் காட்டுவது வெளியீட்டாளரின் நோக்கம். விசாரணைக் குழுவின் முடிவுகளையும் தலைவரின் பரிந்துரையையும் ஒரே அட்டைக்குள் கட்டித் தந்திருக்கின்றனர். அவ்வாறு ஒருங்கே தந்ததற்கு நாம் நன்றியுடையோம். குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக இதைவிடச் சிறந்த வாதத்தை எவரும் எழுதியிருக்க இயலாது.

மாநிலச் சட்டசபைக் குழுவொன்று 1948இல் நடத்திய ‘செங்கொடி வேட்டை’யைத் தொடர்ந்து, நிரந்தரப் பதவி வகித்த ஆறு ஆசிரியர்மீது குற்றப்பத்திரம் தயாரிக்கப்பட்டது. சக ஆசிரியர் பதினொருவர் கொண்ட குழு பல வாரங்கள் அமர்ந்து விசாரித்தது. வழக்கறிஞர் இருந்தனர், சாட்சிகள் வந்தனர். நடைமுறையைப் பொறுத்தவரை நாம் குறைகூற அதிகமில்லை. ஆங்கிலத்துறையின் பட்டர்வொர்த், தத்துவத்துறையின் பிலிப்ஸ் ஆகிய இருவரும் தாம் கட்சி உறுப்பினரென இக்குழுவின்முன் ஒப்புக்கொண்டனர். எனினும் இவ்விருவரையும் நீக்கலாகாது என்பதே குழுவின் பெரும்பான்மை முடிவு. அப்பெரும்பான்மையினர் அனைவரும் கம்யூனிஸ்டுகளின் நண்பர்களல்லர். கட்சி உறுப்புரிமையை வெறுத்தோரும் அவர்களுள் இருந்தனர். திறமையின்மை, கடமை தவறுதல், நேர்மையின்மை போன்ற நீக்கக் காரணங்களை வரையறுத்த விதிகளில் கட்சி உறுப்புரிமை இடம்பெறவில்லை. ஆகவே விதியை மீற அவர்கள் மறுத்தனர். இந்நூலில் நம் மதிப்புக்குரிய பகுதி இதுவே.

உளவியலாளரான குண்ட்லாக் விடயத்தில் குழுவின் பெரும்பான்மை நீக்கத்தை ஆதரித்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்து வருவது தலைவர் ரேமண்ட் அலனின் பரிந்துரை. கட்சிக்காரன் சுதந்திரமாகச் சிந்திக்க இயலாதவன்; சுதந்திரமாகச் சிந்திக்க இயலாதவன் உண்மையைத் தேட இயலாதவன்; ஆகவே அவன் ஆசிரியத் தொழிலுக்குத் திறமையற்றவன். இதுவே அவரது தருக்கம். வகுப்பறையில் இம்மனிதர் என்ன கற்பித்தனர் என்ற வினாவுக்கே இங்கு இடமில்லை. தமது மார்க்சிய நோக்கை மாணவருக்கு வெளிப்படையாகவே அறிவித்துவிடும் பழக்கமுடைய பிலிப்ஸும் இத்தருக்கத்தின்படி நேர்மையற்றவராகிறார்! குழு வாரக்கணக்கில் கேட்ட சாட்சியத்தை ஒரு முக்கூற்று வாய்பாடு விழுங்கிவிடுகிறது.

ஆளுநரால் நியமிக்கப்பட்ட ஆட்சிமன்றம் 1949 ஜனவரி 22இல் மூவரையும் நீக்கியது. ஏனைய மூவரை இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. கேட்டவர் ஒருவர், தீர்த்தவர் வேறொருவர். குழுவின் முடிவு ஆட்சிமன்றத்தைக் கட்டுப்படுத்தாதெனில், அது ஆசிரியரைக் காப்பதற்கன்று, நீக்கத்துக்கு நாகரிகப் போர்வை அளிப்பதற்கே பயன்படும். பேராசிரியர் சங்கத்தின் கண்டனம் 1956இல்தான் வந்தது. அதற்குள் ஏழாண்டுகள் கழிந்துவிட்டன. மூவருள் எவருக்கும் அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் மீண்டும் பதவி கிட்டவில்லை.

இத்தகைய விசாரணைகூட நிரந்தரப் பதவியினருக்கே உரியது என்பதை 1972ஆம் ஆண்டின் ரொத் வழக்கு உறுதிசெய்தது. விஸ்கொன்சின் மாநிலக் கல்விநிலையமொன்றில் ஓராண்டு ஒப்பந்தத்தில் கற்பித்த அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நிருவாகத்தைத் தாம் விமர்சித்ததே காரணமென அவர் முறையிட்டார். காரணத்தைக் கூறவோ விசாரணை நடத்தவோ அரசியல் யாப்பின்படி நிருவாகம் கடமைப்பட்டதன்று என உச்சநீதிமன்றப் பெரும்பான்மை தீர்ப்பளித்தது.