புறக்கோட்டையின் பழஞ்சுவர்கள்

பழைய கட்டடங்களின் குளிர்ச்சிக்குக் கட்டுபொருளே காரணமென்று கூறி அமைவோர் பலர். புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் எடுத்து, 1982இல் நூதனசாலையாகத் திறக்கப்பெற்ற மாளிகை இக்கூற்றை ஆராய்தற்கு ஏற்ற இடமாகும். வீதியை நோக்கிய தூண் விறாந்தை வெயிலைச் சுவரிற் படவொட்டாது தடுக்கின்றது. பின்முற்றம் காற்றுக்கு வழிவிடுகின்றது. தடித்த சுவரும் பகல் வெப்பத்தை விரைந்து உட்புகவிடாது. எனினும் கொழும்பின் இரவு பாலைநிலத்து இரவுபோற் குளிர்வதன்று. ஆதலின் நிழலும் காற்றோட்டமும் இல்லாவிடத்துச் சுவரின் தடிப்பால் விளையும் பயன் சிறிதே. இவ்வுண்மையை மறந்து, பழைய கல்லைக் கொண்டு முற்றமில்லா வீடு கட்டுவார் வீண்செலவு செய்பவராவர்.

இனி, பொருளை நோக்குவோம். சிங்களத்தில் 'கபொக்' எனப்படும் செம்புரைக்கல் நிலத்தடியில் ஈரமாயிருக்கையில் எளிதில் வெட்டப்படும்; காற்றுப்பட இறுகும். சூளையும் விறகும் வேண்டாத அக்கல்லுக்குப் புகழ் தகும். சுவரைப் பிணைத்த சுண்ணாம்புக்கு அது தகுமோ? இயற்கைக்கு இயைந்த மரபுப் பொருள்களுள் அதனையும் ஒருங்கே சேர்த்தெண்ணுவது ஆராயாதார் செயல். தென்மேற்குக் கரையோரத்தில் முருகைக்கல்லைச் சுட்டே சுண்ணாம்பு பெரிதும் பெறப்பட்டது. அத்தொழில் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் அக்கரையை ஆராய்ந்தோர், முருகைக்கல் அகழப்பட்டிருந்த பெரலியவில் நீர் ஒரு கிலோமீற்றருக்கும் மேலாக உட்புகுந்ததையும், பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் கரையோரத்தோடு நின்றதையும் கண்டனர். இரண்டு ஊர்களும் அயலயலே உள்ளவை.