கைக்கேற்ற கருவி: குறுங்குழல் ஏர் பிஸ்டல் பற்றி ஓர் அலசல்

விளையாட்டுச் சாதனம் ஒன்றைப் பற்றி அபிப்பிராயம் சொல்லப் புகுகிறவன், அதை விற்பவர் சொல்வதைக் கேட்டும் எழுதலாம், வாங்கியவர் சொல்வதைக் கேட்டும் எழுதலாம். ஆனால் ஒரு முழுப் போட்டிக்குரிய அறுபது குண்டுகளையும் அதைக்கொண்டு சுட்டு முடித்து, அறுபதாவது குண்டின்போது தோளும் மணிக்கட்டும் என்ன சொல்கின்றன என்பதை அருகிலிருந்து பார்த்த பிறகு எழுதுவதே நியாயம் என்பது என் எண்ணம். அந்த வாய்ப்பு சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிட்டியது. விழுப்புரத்தில் நான் ரயில் ஏற, புளியங்காடு என்று பொருள்படும் திந்திரிணிவனமாக இருந்து மருவிய திண்டிவனத்தில் என் தம்பி மகள் அதே பெட்டியில் வந்து ஏறிக்கொண்டாள். கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண் இரண்டு ஆண்டுகளாக ஏர் பிஸ்டல் பழகி வருகிறாள். வார நாட்களில் வீட்டு நடையின் வெள்ளைச் சுவருக்கு எதிரே நின்று, குண்டு இல்லாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகுவாள். ஞாயிறுதோறும் சென்னைக்குப் போய், சுடுதளத்தில் உண்மையான குண்டுகளைச் சுட்டுவிட்டு இரவு வீடு திரும்புவாள். அவளுடைய குறை ஒன்றுதான்: முதல் நாற்பது குண்டுகள் வரை நன்றாக நிற்கும் கை, கடைசி இருபதில் தளர்ந்துவிடுகிறது. "குறுங்குழல் பிஸ்டல் ஒன்று வந்திருக்கிறது, அதையும் சுட்டுப் பார்" என்று அவளுடைய பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அந்தப் பரீட்சையைக் காணவே நானும் உடன் சென்றேன்.

கருவியைப் பற்றிப் பேசுமுன் ஆட்டத்தின் இலக்கணத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் என்பது, அழுத்திய காற்றின் விசையால் 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயக் குண்டைச் செலுத்தும் கருவியை ஒரே கையில் ஏந்தி, மணிக்கட்டுக்கு எவ்விதத் தாங்கலும் இன்றி நின்று சுடும் போட்டி. தகுதிச் சுற்றில் 60 குண்டுகள். மின்னணு இலக்கானால் அவற்றுக்கு 75 நிமிடங்கள். பிஸ்டலின் எடை 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. நீளம் 420, உயரம் 200, அகலம் 50 மில்லிமீட்டர் உள்ள ஒரு பெட்டிக்குள் அது அடங்கியாக வேண்டும். விசையின் கனம் 500 கிராமுக்குக் குறையக்கூடாது. இலக்கின் நடுவே உள்ள பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பொத்தான் அளவு. குண்டின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே புள்ளி உண்டு என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் பத்து; 16-க்குள் விழுந்தால் ஒன்பது; 24-க்குள் விழுந்தால் எட்டு. முன்பெல்லாம் 40 குண்டுகளே சுட்டுவந்த பெண்களுக்கும் 2018 முதல் ஆண்களைப் போலவே 60 என்று ஆகிவிட்டது. கடைசி இருபது குண்டுகளைப் பற்றிய கவலை எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் உரியதன்று என்பதை இந்த ஒரு மாற்றமே விளக்கும்.

ஆஸ்திரியாவின் ஸ்டெயர், சுவிட்சர்லாந்தின் மோரினி, ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ், இத்தாலியின் பார்தீனி ஆகிய புகழ்பெற்ற நிறுவனங்கள் யாவும் தங்கள் போட்டிப் பிஸ்டல்களுக்குக் குறுகிய வடிவம் ஒன்றையும் செய்து விற்கின்றன. குழல் குட்டை, காற்றடைத்த சிலிண்டர் சிறிது, மொத்த எடையும் குறைவு. இவ்வளவுதான் வெளித்தோற்றத்தில் தெரியும் வித்தியாசம். இதைச் சிறுவர்களுக்கான பயிற்சிக் கருவி என்று சிலர் அலட்சியமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதை வாங்கிவிட்டால் புள்ளி தானே ஏறிவிடும் என்று வேறு சிலர் நம்புவதையும் கண்டிருக்கிறேன். இரண்டும் தவறு என்பது அன்று பிற்பகலுக்குள் தெளிவாகிவிட்டது.

சுடுதளத்தில் முதல் ஒரு மணி நேரம் ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. பயிற்சியாளர் முதலில் குழலின் முழு நீளத்துக்கும் உள்ளே ஓடும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு நூலைக் காட்டிவிட்டு, குழலை வானோக்கி நிமிர்த்தி, விசையின் மீது 500 கிராம் எடைக்கல்லை மாட்டி மெல்லத் தூக்கினார்; கல் மேசையை விட்டு எழும் வரை விசை விடுபடவில்லை. பிறகு மரப்பிடியை எடுத்துக்கொண்டார். அவளுடைய உள்ளங்கையில் சாக்குக்கட்டித் தூளைப் பூசி, பிடியை இறுகப் பற்றச் சொல்லி, கையை எடுத்ததும் மரத்தில் எந்த இடத்தில் வெள்ளை அடர்ந்திருக்கிறது, எந்த இடத்தில் ஒட்டவே இல்லை என்று விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலின் அடிப்பகுதி அழுந்திய இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார். சுண்டுவிரலுக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் மரப்பிசினை அப்பினார். மறுபடியும் தூள், மறுபடியும் பிடி, மறுபடியும் உப்புத்தாள். ஒரு தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதைக் காட்டிலும் அதிகச் சிரத்தையோடு அவர் இதைச் செய்ததைப் பார்த்தபோது, குழலின் நீளத்தைப் பற்றிய விவாதத்துக்கு முன்னதாகத் தீர்த்துக்கொள்ள வேண்டியது பிடியின் பொருத்தமே என்ற உண்மை எனக்கு விளங்கிற்று. பிடி பொருந்தாவிட்டால் நெடுங்குழலும் வீண், குறுங்குழலும் வீண்.

பிறகு சுடத் தொடங்கினாள். முதல் பத்துக் குண்டுகள் அவளுடைய பழைய பிஸ்டலில் விழுவதைவிட அகலச் சிதறின. கையைத் தாழ்த்தி மேசைமேல் பிஸ்டலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கை லேசா இருக்கு பெரியப்பா, ஆனா முன்குறி ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது" என்றாள். அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் குறுங்குழலின் குணமும் குற்றமும் ஒருங்கே அடங்கியிருந்தன.

காரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். குழலின் நுனியில் நிற்கும் முன்குறிக்கும், கைக்கு அருகே உள்ள பின்குறியின் பள்ளத்துக்கும் இடையே உள்ள தூரம் நெடும்பிஸ்டலில் 320 மில்லிமீட்டர் என்றும், குறும்பிஸ்டலில் 280 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். முன்குறி பள்ளத்தின் நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகி நிற்கும்போது விசை விடுபட்டால், 10 மீட்டருக்கு அப்பால் அந்தப் பிழை முதலாவதில் ஏறக்குறைய 15.6 மில்லிமீட்டராகவும், இரண்டாவதில் 17.9 மில்லிமீட்டராகவும் பெருகிவிடும். மேலே சொன்ன வளையக் கணக்கின்படி முன்னது ஒன்பது, பின்னது எட்டு. ஒரே கண், ஒரே கை, ஒரே பிழை. ஆயினும் ஒரு புள்ளி போய்விட்டது. பத்தைப் பெறுவதற்கு நெடும்பிஸ்டல் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான பிழையைப் பொறுத்துக்கொள்கிறது என்றால், குறும்பிஸ்டல் அதற்கும் குறைவாகவே பொறுத்துக்கொள்கிறது. நுனிப்பாரம் குறைந்துவிட்டதால் முன்குறி எளிதில் அலைவதும் இதனோடு சேர்ந்துகொள்ளும்.

ஆனால் கணக்கின் மற்றொரு பக்கமும் உண்டு. கை முழுவதுமாக ஒரு பக்கம் அசைந்து, இரு குறிகளும் ஒன்றுக்கொன்று நேராகவே இருக்குமானால், 5 மில்லிமீட்டர் அசைவு இலக்கிலும் அதே 5 மில்லிமீட்டராகத்தான் விழும், அது பெருகுவதில்லை. பெருகுவது மணிக்கட்டின் முறிவினால் குறிகள் ஒன்றையொன்று விட்டு விலகும் கோணப் பிழை மட்டுமே. ஆகையால் சுடுபவர் இலக்கின் கருவட்டம் மங்கலாகத் தெரிவதைப் பற்றிக் கவலைப்படாமல், தம் முழுப் பார்வையையும் முன்குறியின் விளிம்பிலும் அதன் இருபுறமும் தெரியும் ஒளிக் கோடுகளிலும் ஊன்றி நிற்பாராகில், குறுங்குழலின் தண்டனையிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடலாம். "இலக்கைப் பார்க்காதே, முன்குறியைப் பார்" என்று பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னதன் சூட்சுமம் இதுவே. மூன்றாவது பத்தில் அவளுடைய குண்டுகள் நெருங்கத் தொடங்கின.

நாற்பதாவது குண்டைத் தாண்டியபோதுதான் கருவியின் உண்மையான நன்மை வெளிப்பட்டது. அறுபது குண்டுகள் என்றால் அறுபது முறை மட்டும் கையை உயர்த்துவதல்ல; ஒத்திகைக் குண்டுகளையும், குறி நிலைபெறாததால் சுடாமலே இறக்கும் தடவைகளையும் சேர்த்தால் நூறு தடவைக்குக் குறையாது. பிஸ்டலில் 100 கிராம் குறைந்தாலும் நூறு தடவையில் தோள் சுமக்காமல் விட்டது 10 கிலோ. வழக்கமாக இந்தக் கட்டத்தில் அவள் தோளைக் குலுக்கிக்கொள்வாள், தண்ணீர் குடிப்பாள், கையை உயர்த்திவிட்டு நெடுநேரம் பிடித்துக்கொண்டே நின்று, கடைசியில் அவசரத்தில் விசையைப் பறிப்பாள். அன்று அப்படி நிகழவில்லை. உயர்த்தல், நிலைத்தல், விடுதல் என்ற மூன்றும் முதல் குண்டில் இருந்த அதே கால அளவில் கடைசிக் குண்டு வரை நடந்தன. அவளுடைய மிகச் சிறந்த பத்து, பழைய பிஸ்டலின் மிகச் சிறந்த பத்துக்கு ஈடாகவில்லை. ஆனால் அவளுடைய மிக மோசமான பத்து, பழைய பிஸ்டலின் மோசமான பத்தைவிட எவ்வளவோ மேலாக இருந்தது. அறுபது குண்டுப் போட்டியில் தரவரிசையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது விஷயமே.

இதிலிருந்து என் தீர்ப்பைச் சொல்கிறேன். மெல்லிய மணிக்கட்டும் சிறிய உள்ளங்கையும் உடையவர்கள், பதின்பருவத்தினர், தோளில் காயம் பட்டு மீண்டவர்கள் ஆகியோருக்குக் குறுங்குழல் பிஸ்டல் உகந்த சாதனம். ஆனால் முன்குறியில் பார்வையை ஊன்றும் பழக்கம் வேரூன்றும் வரையில் அது அவர்களுடைய பிழைகளைப் பெரிதாக்கியே காட்டும். பலமான தோளும் நிதானமான மணிக்கட்டும் உடையவர்கள், எடை குறைவு என்ற ஒரே கவர்ச்சிக்காக நெடும்பிஸ்டலைக் கைவிட வேண்டியதில்லை. சிறிய சிலிண்டரில் காற்றும் குறைவாகவே அடங்கும் என்பதால், ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் அழுத்தமானியைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும் ஒழுங்கும் வேண்டும்.

கருவியின்மீது வைக்கும் சிரத்தை எவ்வளவு முக்கியம் என்பதற்கு மனு பாக்கரின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த சான்று நம்மிடம் இல்லை. 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் அவருடைய பிஸ்டலின் நெம்புகோல் நடுவில் முறிந்து, அதைச் சீர்செய்வதிலேயே கால் மணிக்கும் மேலான நேரம் கழிந்தது. எஞ்சிய குண்டுகளை விரைந்து சுட்டு 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடத்தில் நின்றார். இறுதிச் சுற்றுக்குக் குறைந்தவை இரண்டே புள்ளிகள். மூன்றாண்டு கழித்துப் பாரிஸில், 2024 ஜூலை 28 அன்று, அதே போட்டியில் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியத் துப்பாக்கி சுடும் வீராங்கனை ஆனார். இரண்டு நாள் கழித்துச் சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு அணிப் போட்டியில் கொரியாவை 16-10 என்று வென்று இன்னொரு வெண்கலமும் பெற்றார். தனிநபர் இறுதிச் சுற்றில் தங்கத்துக்கான கடைசி இருவரில் ஒருவராக நிற்கும் வாய்ப்பை அவர் இழந்தது 0.1 புள்ளியில், இலக்கில் அதன் அளவு 0.8 மில்லிமீட்டர். இவ்வளவு நுட்பமான ஆட்டத்தில், கைக்குப் பொருந்தாத பிடியோடும் தோளுக்கு மீறிய எடையோடும் ஒரு குழந்தையைப் பழகவிடுவது நியாயமாகுமா?

இங்கேதான் எங்கள் பகுதியைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பு நாங்கள் யாவரும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்துக்காரர்கள். அதன் தலைநகரான கடலூரில் 1999-இல் பிறந்த இளவேனில் வாலறிவன், 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகின் முன்வரிசைக்கு உயர்ந்து, டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காக நின்றார். ஆனால் அவர் வளர்ந்ததும் துப்பாக்கி பிடித்துப் பழகியதும் குஜராத்தில். நம் மண்ணின் பிள்ளைகளுக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குறைவாக இருப்பது அருகிலேயே பழகும் வசதிதான்.

அந்த வசதிக்குப் பெரிய மைதானம் வேண்டியதில்லை. பத்து மீட்டர் தூரமும், பின்னால் குண்டைத் தாங்கும் பாதுகாப்பான சுவரும், நல்ல வெளிச்சமும், பொறுப்புள்ள ஒரு பயிற்சியாளரும் இருந்தால் ஒரு பள்ளிக்கூட மண்டபமே போதும். போட்டிப் பிஸ்டல் ஒன்றின் விலை இலட்சத்தைத் தாண்டுகிறது. அதைச் சுட்டுப் பாராமல் வாங்கிவிட்டுக் கைக்குப் பொருந்தவில்லை என்று வருந்தும் நிலை எந்த நடுத்தரக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. ஆகவே மாவட்ட விளையாட்டு அதிகாரிகளையும், கல்லூரி நிர்வாகங்களையும், ஊர்ப் பெரியவர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: விழுப்புரத்தில் ஒன்றும் திண்டிவனத்தில் ஒன்றுமாக இரண்டு பொதுச் சுடுமண்டபங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் நெடும்பிஸ்டல் இரண்டும் குறும்பிஸ்டல் இரண்டும், மூன்று அளவு மரப்பிடிகளோடு வாங்கி வையுங்கள். எந்தக் கருவி எந்தக் கைக்கு உரியது என்பதைப் பிள்ளைகள் தாமே சுட்டு அறிந்துகொள்ளட்டும்.