பெருவிரலுக்கு அடியில் ஓர் இருட்டு

நத்தைகுத்தி நாரையின் படம் திரையில் வந்ததும் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். ஏரிக்கரையிலும் வயலிலும் அவர்கள் தினமும் பார்க்கிற பறவை. பத்து விநாடி பார்க்கவிட்டேன். பிறகு கையிலிருந்த ரிமோட்டின் அடிப்பக்கத்துச் சிறு பொத்தானை அழுத்தினேன். திரை இருண்டது.

“அதோட அலகு எப்படி இருந்துச்சு? நோட்டுல வரைங்க பாப்போம்.”

முப்பது தலைகள் குனிந்தன. நான் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தேன். பெரும்பாலானவர்கள் கொக்கின் அலகைப் போல நேராக ஒரு கூம்பு வரைந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி மேலலகையும் கீழலகையும் தனித்தனிக் கோடாகப் போட்டு, நடுவில் இடைவெளி விட்டிருந்தாள். “வாய் முழுசா மூடல சார்” என்றாள். அவள் பக்கத்தில் நின்றபடியே பொத்தானை மறுபடி அழுத்தினேன். படம் திரும்பி வந்தது. வளர்ந்த நத்தைகுத்தியின் அலகில் அந்த இடைவெளி இருக்கும், குஞ்சுகளுக்கு இருக்காது. அதை நான் சொல்வதற்குள் வகுப்பே கண்டுபிடித்துவிட்டது.

வேடந்தாங்கல், கரிக்கிலி பக்கத்துப் பள்ளிகளில் பறவைகளைப் பற்றிப் பேசப் போவது சில ஆண்டுகளாக என் சனிக்கிழமை வேலை. கையில் எப்போதும் இருப்பது லாஜிடெக் ஆர்400 என்ற ஸ்லைடு ரிமோட். சந்தையில் இதைவிடப் புதியவை நிறைய வந்துவிட்டன. ஆனாலும் மேலே சொன்ன காட்சி நடந்தது இதை வைத்துத்தான் என்பதால் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஸ்லைடு ரிமோட் என்றால் சிவப்புப் புள்ளி அடிக்கிற லேசர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கடைக்காரரும் முதலில் அதைத்தான் அடித்துக் காட்டுவார். எனக்கு அதில் மிகக் குறைவாகப் பயன்பட்டது லேசர். மிக அதிகமாகப் பயன்பட்டது திரையை இருட்டாக்கும் பொத்தான்.

கருவியின் அமைப்பு எளியது. மேலே லேசர் பொத்தான். அதன் கீழே உள்ளங்கையின் வளைவுக்கு ஏற்ற மாதிரி இரண்டு பெரிய பொத்தான்கள், முன்னுக்கும் பின்னுக்கும். அவற்றின் கீழே இரண்டு சிறியவை: ஒன்று காட்சியைத் தொடங்கவும் முடிக்கவும், மற்றது இருட்டாக்க. ட்ரிபிள்-ஏ பேட்டரி இரண்டு போட வேண்டும். கணினியில் செருகும் ரிசீவரை ரிமோட்டின் அடியிலேயே ஒளித்து வைக்க இடம் இருக்கிறது.

பொத்தான்களின் வடிவம் வேறுவேறாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பது எனக்கு இதற்கு முன் வாங்கிய விலை மலிவான ஒரு கிளிக்கரால் தெரிந்தது. பல பெயர்களில் ஒரே அச்சில் வருகிற வகை அது. முன், பின் இரண்டும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. கண்ணால் பார்க்காமல் எது எது என்று விரலுக்குத் தெரியாது. முன்னே போகும் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் காட்சியே முதலிலிருந்து தொடங்கும். பேச்சின் வேகத்தில் விரல் ஒரு கணம் கூடுதலாக நின்றுவிட்டால், கூழைக்கடாவின் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் முன்னால் மறுபடி என் பெயரும் தலைப்பும் வந்து நிற்கும். மூன்று கூட்டங்களுக்குப் பிறகு அதைத் தூர வைத்தேன். ரிமோட் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். எந்தப் பொத்தான் எது என்று விரல் சொல்லவில்லை என்றால் வேண்டாம்.

இந்தக் கருவி உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தொல்லைகள் வராது. ரிசீவரைச் செருகியதும் கணினி அதை ஒரு விசைப்பலகை என்றே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் எந்த மென்பொருளும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் செருகினால் போதும். முன்னே போகும் பொத்தான் பேஜ் டவுன் விசையை அனுப்புகிறது, பின்னே போவது பேஜ் அப். தொடங்கும் பொத்தான் எஃப்5, அடுத்த முறை அழுத்தினால் எஸ்கேப். இருட்டாக்கும் பொத்தான் அனுப்புவது ஒரே ஒரு முற்றுப்புள்ளி.

ஆமாம், முற்றுப்புள்ளிதான். பவர்பாயின்ட்டில் காட்சி ஓடும்போது விசைப்பலகையில் முற்றுப்புள்ளியைத் தட்டினால் திரை கறுப்பாகும், காற்புள்ளியைத் தட்டினால் வெள்ளையாகும். லிப்ரே ஆபீசின் இம்ப்ரெசிலும் கூகுள் ஸ்லைட்ஸிலும் அப்படியே. ரிமோட் வாங்காதவர்களும் இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

ரிமோட்டுக்கு பவர்பாயின்ட் என்றால் என்னவென்றே தெரியாது. அது வெறுமனே தட்டச்சு செய்கிறது. எந்த ஜன்னல் மேலே இருக்கிறதோ அதற்குள் விசை போய் விழும். நடுவில் ஒரு வீடியோவுக்காக வேறு ஜன்னலுக்குப் போய்விட்டுக் காட்சியின் மேல் ஒருமுறை கிளிக் செய்யாமல் விட்டால், எத்தனை தடவை அழுத்தினாலும் ஸ்லைடு நகராது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்து நான் ஒருமுறை பேட்டரியே மாற்றினேன். வீடியோவை ஸ்லைடுக்குள்ளேயே பதித்து, அது தானாகவோ கிளிக் வரிசையிலோ தொடங்கும்படி அமைத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. கூகுள் ஸ்லைட்ஸை பிரவுசரில் திறந்து வைத்திருப்பவர்கள் ரிமோட்டின் தொடக்கப் பொத்தானைத் தொடாமல் இருப்பது நல்லது. பிரவுசருக்கு எஃப்5 என்றால் பக்கத்தை மறுபடி ஏற்று என்று பொருள். பிடிஎஃப் கோப்பாகக் காட்டுகிறவர்களுக்குப் பக்கம் நகரும், ஆனால் முற்றுப்புள்ளியைப் பல பிடிஎஃப் மென்பொருள்கள் கண்டுகொள்வதில்லை. அதற்கு நான் கண்ட வழி, எங்கே இருட்டு வேண்டுமோ அங்கே ஒரு கறுப்புப் பக்கத்தைச் சேர்த்துவிடுவது.

சிக்னல் தூரம் 15 மீட்டர் என்கிறது தயாரிப்பாளரின் குறிப்பு. பள்ளிக்கூடத்து நீள ஹாலில் கடைசிச் சுவர் வரை நடந்து பார்த்திருக்கிறேன், ஒரு ஸ்லைடும் தவறியதில்லை. டிவி ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளியைப் போல நேர்க்கோட்டில் நீட்ட வேண்டியதில்லை. இது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை; கையைத் தொங்கவிட்டபடி அழுத்தினாலும் போய்ச் சேரும். ஆனால் ஒரு பள்ளியின் கணினி அறையில் முதுகைக் காட்டித் திரும்பி நின்றால் வேலை செய்யவில்லை, முன்னால் திரும்பினால் செய்தது. அங்கே கணினி இரும்பு மேசைக்கு அடியில் இருந்தது, ரிசீவர் அதன் பின்புறத்தில். இரும்பு அலையைத் தடுக்கும். நீர் நிறைந்த மனித உடலும் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். இரண்டும் குறுக்கே நின்றன. ரிசீவரை முன்பக்கத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு, பலருக்குத் தெரியாதது. நீல நாக்குள்ள யுஎஸ்பி 3.0 துளைகளும் அவற்றில் மாட்டிய ஹார்டு டிஸ்க்குகளும் வேலை செய்யும்போது இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்புகின்றன. இன்டெல் நிறுவனமே 2012ல் இதை அளந்து ஒரு அறிக்கை வெளியிட்டது. பக்கத்துத் துளையில் படங்கள் நிறைந்த ஹார்டு டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் ரிமோட் திணறுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ரிசீவரைக் கறுப்புத் துளையில் செருகுங்கள், அல்லது ஒரு சாண் நீள யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டித் தள்ளி வையுங்கள். என் பையில் அந்த வயர் நிரந்தரமாக இருக்கிறது.

இனி லேசர். ஆர்400இல் இருப்பது சிவப்பு, இரண்டாம் வகுப்பு, அதாவது ஒரு மில்லிவாட்டுக்குள் அடங்கியது. வெள்ளைத் துணித் திரையில், விளக்கணைத்த அறையில் நன்றாகவே தெரியும். ஜன்னல் திறந்த வகுப்பறையில் தேட வேண்டியிருக்கும். நம் கண் பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் அலைநீளத்துப் பச்சைக்குத்தான் அதிகம் கூர்மை. அதனால் ஒரே சக்தியுள்ள பச்சை லேசர், 650 நானோமீட்டர் சிவப்பைவிடச் சுமார் எட்டு மடங்கு பிரகாசமாகத் தோன்றும். இதே நிறுவனத்தின் ஆர்800இல் பச்சை லேசர் இருக்கிறது, கூடவே 30 மீட்டர் தூரமும், நேரம் நெருங்கும்போது கையில் அதிர்கிற கடிகாரமும். சிவப்பு நிறத்தைச் சரியாக உணராத கண் உள்ளவர்களுக்குச் சிவப்புப் புள்ளி இன்னும் மங்கல். முப்பது பிள்ளைகளில் யாருக்கு அப்படி என்று நமக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய விஷயம், திரைகளே மாறிவிட்டன. புரொஜெக்டர் போய்ப் பெரிய எல்இடி பேனல் வந்த இடங்களில் லேசர் கிட்டத்தட்ட பயனற்றது. துணித் திரை ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கும், அதனால் புள்ளி எல்லோர் கண்ணுக்கும் வரும். பேனலின் முகம் அப்படிச் சிதறடிப்பதில்லை. அறையில் பாதிப் பேரும் ஜூமில் பாதிப் பேரும் இருக்கிற கூட்டத்தில், தொலைவில் இருப்பவர்களுக்கு நீங்கள் அடிக்கிற புள்ளி தெரியாது; அது கணினிக்குள்ளேயே போவதில்லை. லாஜிடெக்கின் ஸ்பாட்லைட் என்ற மாடல் இதற்குத்தான் வந்தது. அதில் லேசர் இல்லை. மென்பொருள் வழியாகத் திரையிலேயே ஒரு வட்டத்தை வெளிச்சமாக்கும், பெரிதாக்கும். அது இணையத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும். ஆனால் மென்பொருளை நிறுவ வேண்டும், போகிற பள்ளியின் கணினியில் எனக்கு அந்த உரிமை கிடையாது. என் லேப்டாப்பையே கொண்டு போகிற இடங்கள் என்றால் யோசித்திருப்பேன்.

எனக்கு லேசர் பிடிக்காமல் போனதற்கு இதெல்லாம் தாண்டி ஒரு காரணம் உண்டு. கையில் புள்ளி இருந்தால் நான் திரையைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுகிறேன். புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே. பிள்ளைகளின் முகம் பின்னால் போய்விடுகிறது. கூட்டில் மூன்றாவது முட்டையைக் காட்ட வேண்டுமானால், அதைச் சுற்றி வட்டம் போட்ட இன்னொரு ஸ்லைடை முன்கூட்டியே செய்து வைக்கிறேன். ஒரு அழுத்து, வட்டம் வந்துவிடும். நான் திரும்ப வேண்டியதில்லை.

ரிமோட் இல்லாத காலத்தில் நான் பேசிய கூட்டங்களில் லேப்டாப் பக்கத்தில் ஒரு மாணவர் உட்கார்ந்திருப்பார். “அடுத்தது போடுப்பா”, “அதுக்கு முந்தினது”, “இல்லப்பா, அதுக்கும் முந்தினது.” என் வாக்கியம் உடையும், அவர் கவனம் முழுக்க என் வாயில் இருக்கும், பறவையை அவர் பார்த்திருக்கவே மாட்டார். ரிமோட் வந்த பிறகு அந்த மாணவரும் பெஞ்சில் போய் உட்கார முடிந்தது. இதையும் இந்தக் கருவியின் நல்ல பயனாகவே எண்ணுகிறேன்.

போனையே ரிமோட்டாக்கும் செயலிகளையும் முயன்று பார்த்தேன். இம்ப்ரெசுக்கென்று ஒரு செயலி இருக்கிறது, கேடிஇ கனெக்ட்டிலும் அந்த வசதி உண்டு. அடுத்த ஸ்லைடு என்ன என்று கையிலேயே பார்க்க முடிவது இம்ப்ரெஸ் செயலியின் சிறப்பு. தனியாக ஒத்திகை பார்க்கும்போது நன்றாக இருந்தது. வகுப்பில் ஒத்துவரவில்லை. கண்ணாடியில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது, ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்க வேண்டும். திரை அணைந்தால் திறக்க வேண்டும். நடுவில் அழைப்பு வரும். பள்ளியின் வைஃபையில் போனும் கணினியும் ஒன்றாகச் சேர மறுக்கும்.

ஆர்400இல் என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது ரிசீவர். கட்டைவிரல் நக அளவு. அது தொலைந்தால் ரிமோட் வெறும் பிளாஸ்டிக். புளூடூத் போன்ற மாற்று வழி இதில் இல்லை. ஆர்500, ஸ்பாட்லைட் இரண்டிலும் ரிசீவர், புளூடூத் இரண்டு வழியும் உண்டு. அடிக்கடி வெளியூர் போய்ப் பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே ஆர்500ஐச் சொல்வேன். சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் ரிசீவரைக் கணினியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ரிமோட்டின் அடியைத் தள்ளிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திங்கட்கிழமை போன் செய்தால், தலைமையாசிரியை அதை எடுத்துச் சாக்பீஸ் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். “சின்னதா இருந்துச்சு சார், பசங்க தொலைச்சிடுவாங்கன்னு எடுத்து வெச்சேன்” என்றார்.

தொலைவது மட்டுமே பிரச்சினை இல்லை. ரிசீவர் ஒரு விசைப்பலகை என்று சொன்னேன் அல்லவா? 2016ல் பாஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், பல கம்பியில்லா மவுஸ், விசைப்பலகை ரிசீவர்களுக்குத் தொலைவிலிருந்தே பொய்யான விசைகளை அனுப்ப முடியும் என்று காட்டியது. மவுஸ்ஜாக் என்று அதற்குப் பெயர். ஸ்லைடு ரிமோட்டுகளிலும் அதே வகைப் பலவீனம் இருப்பதைப் பிறகு வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். வகுப்பறையில் யாரும் அப்படிச் செய்யப் போகிறார்கள் என்று நான் பயப்படவில்லை. ஆனால் அடுத்தவர் கணினியில் ரிசீவரை இரவு பகலாக விட்டு வைப்பது சரியில்லை என்று தோன்றிவிட்டது.

அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கடைசி ஸ்லைடு எப்போதும் ஏரியின் படம். அதைப் போட்டுவிட்டு, பிள்ளைகள் கேள்வி கேட்டு முடித்ததும், இருட்டாக்கும் பொத்தானை அழுத்துகிறேன். திரை அணைந்ததும் கணினியிடம் நடந்து போய் ரிசீவரைப் பிடுங்கி ரிமோட்டின் அடியில் தள்ளுகிறேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்ட பிறகுதான் செருப்பு மாட்டுகிறேன்.